காப்புக் கட்டிக் கேட்ட கதை

வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்கப் போகிறீர்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு எந்த நாவல், குமரிகளுக்கு எது, நம்மைப் போலப் பல்லுப் போனவர்களுக்கு எது என்று ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். நாவல் என்று முழுதாகப் படித்தது ஒன்றுதான். அதுவும் எனக்காகப் படித்ததில்லை. அதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் காலம் தெரியும். தெரிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு மாட்டு வண்டிதான். எங்கள் தேயிலைத் தோட்டம் எல்லவுக்கு மேலே. அப்பா தோட்டத்து அரிசி வண்டி ஓட்டினார். விடியுமுன் புறப்பட்டால் பொழுது சாயப் பதுளை. மறுநாள் மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்புவார். வருவது ஏற்றம். மாடுகளுக்கு நுரை தள்ளும். வண்டிக்குப் பின்னால் ஒரு லாந்தர் தொங்கும். அதன் கண்ணாடியில் கீறல். அந்தக் கீறல் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்தே அப்பா வருகிறார் என்று கண்டுகொள்வோம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்திருந்தது. அந்த மழையில்தான் அக்கா பிள்ளை பெற எங்கள் காம்பராவுக்கு வந்தாள். ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கதவு. லயம் என்ற அந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவ்வளவுதான். அக்கா வந்ததும் நான் அடுப்புப் பக்கம் படுத்தேன். சாக்கை விரித்து, மேலே கம்பளி. கம்பளி எப்போதும் ஈரம். ஈரக் கம்பளிக்கு ஆட்டு வாடை வரும்.

அக்காவுக்கு அது இரண்டாவது. முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. அதிலிருந்து அக்கா பேச்சைக் குறைத்துவிட்டாள். கேட்டால் பதில் வரும். தானாக ஒரு சொல் வராது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். இந்தத் தடவை காலும் முகமும் ஊதியிருந்தன. கண்ணாடி வளையல் மணிக்கட்டில் இறுகி, கழற்ற முடியாமல் போனது. பச்சை வளையல். அம்மா சோப்புப் போட்டுப் பார்த்தாள். பிறகு கல்லால் தட்டி உடைத்தாள். அக்கா கையை நீட்டிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள்.

ஊதுவது நல்லது என்றாள் மருத்துவச்சி. எங்கள் லயத்தில் எல்லாப் பிள்ளையும் அவள் கையில் பிறந்ததுதான். நானும்தான். வாயில் எப்போதும் வெற்றிலை. கையில் விளக்கெண்ணெய் வாடை. பிள்ளை நீரில் நன்றாக வளர்கிறது, அதுதான் ஊதல் என்றாள். ஆனால் மனசுதான் சரியில்லை, பிள்ளைத்தாய்ச்சி இப்படி ஊமையாக இருந்தால் வயிற்றில் இருப்பது பயந்துவிடும், காதில் நல்ல கதை விழ வேண்டும் என்றாள்.

கதை படிக்க ஆள் இல்லை. கோயிலில் புராணம் படித்த பண்டாரம் போன வருடம் காய்ச்சலில் போய்விட்டார். அவர் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. லயத்தில் எழுத்துத் தெரிந்தது என் வயதுப் பிள்ளைகள் கொஞ்சப் பேருக்குத்தான். எனக்குப் பத்து வயது இருக்கும்.

பதுளையில் அரிசிக் கடையில் கதைப் புத்தகம் இருக்கிறது என்றார் அப்பா. இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்று வாங்கி வருகிறேன் என்றார். அப்படித்தான் நான் முதல் முறை பதுளை பார்த்தேன்.

கடை ஆட்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். முன்னால் அரிசி, மிளகாய், கருவாடு. நடுவில் துணி. உள்ளே ஒரு மூலையில் பஞ்சாங்கம், கற்பூரம், கதைப் புத்தகம். முதலாளி அரிசிப் பக்கம். புத்தக மூலையில் அவர் வீட்டம்மா. கடைக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பிள்ளை இல்லை. தாட்டியான பெண். கிழிந்த புத்தகத்தைக் கஞ்சிப் பசை போட்டு, சேலைத் துண்டு வைத்து ஒட்டுவார். ஒட்டியதை மிளகாய் மூட்டை மேல் காயவைப்பார். அதனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் மிளகாய் நெடி.

அவர் புத்தகத்தைச் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டார். ஆளைப் பார்ப்பார். இரண்டு கேள்வி கேட்பார். பிறகுதான் கை அடுக்குக்குப் போகும். நாங்கள் காத்திருந்தபோது கோர்ட்டு சேவகர் ஒருவர் துப்பறியும் நாவல் கேட்டு வந்தார்.

"போன தடவ திருடன் யாருன்னு பாதியிலயே கண்டுபிடிச்சிட்டீங்களாமே?"

"ஆமாங்கம்மா. ஒரே சப்புனு ஆயிருச்சு."

"அப்ப இதக் கொண்டு போங்க. இதுல திருடனே கெடையாது. எங்க தேடுறீங்கன்னு பாக்குறேன்."

வயதான ஒருவர் பக்திக் கதை கேட்டார். நெற்றி நிறைய விபூதி. கடைக்காரம்மா ஒரு புத்தகத்தைப் பழைய பஞ்சாங்க அட்டைக்குள் வைத்து நீட்டினார். உங்களுக்குத் தெரியாத பக்தியா, இது காதல் கதை, மேலே பஞ்சாங்கம்தான் தெரியும், மருமகள் கண்டுபிடிக்க மாட்டாள் என்றார். கிழவர் சிரிக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாகப் போனார். பள்ளிக்கூடப் பையனுக்குப் பேய்க் கதை. விளக்கு வைத்தபின் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி மாமியார் கொடுமைக் கதை கேட்டாள். ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டு வா, அப்போது தருகிறேன், இப்போது படித்தால் வீட்டில் எல்லாம் அதுபோலவே தெரியும் என்று திருப்பி அனுப்பினார்.

அவர் மாதிரி ஆளைப் பார்த்துப் புத்தகம் கொடுக்கிறவரைப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் கணக்கும் ஒருமுறை தவறியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் முறை வந்தது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி கேட்க ஒரு நல்ல கதை வேண்டும் என்றார். கடைக்காரம்மாவின் கை அடுக்குக்குப் போனது.

"எத்தனாவது புள்ள?"

"ரெண்டாவதுங்க. மொதல்ல பொறந்தது உசிரோட இல்லிங்க."

"இப்ப எப்படி இருக்கா?"

"ஊமையாட்டம் இருக்காங்க. மொகமெல்லாம் ஊதிப்போச்சு. கால்ல வெரல வச்சா குழி விழுது."

அடுக்குக்குப் போன கை திரும்பி வந்தது. தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்டார். தலைவலி என்று சொல்கிறாள் என்றார் அப்பா. கடைக்காரம்மா புத்தகத்தை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"எங்கூடப் பொறந்தவ இப்படித்தான் ஊதிக் கெடந்தா. நாங்க பாத்துக்கிட்டே இருந்தோம். நீங்க வண்டி வச்சிருக்கீங்கல்ல? அடுத்த நடையில ஏத்திட்டு வந்துருங்க. இங்க ஆஸ்பத்திரி இருக்கு."

அப்பா துண்டைப் பிசைந்தார். பெண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்றால் சாகப் போகிறவர்களை ஏற்றி அனுப்பும் இடம். அங்கே போனால் வயிற்றைக் கீறிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் நினைப்பு. அப்பாவுக்கும்தான்.

கடைக்காரம்மா மறுபடி அடுக்கைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தடியான புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். செங்கல் கனம். அட்டையில் ஒரு பெண் கையில் விளக்கு வைத்திருந்தாள். முதுகில் சிவப்புச் சேலைத் துண்டு ஒட்டியிருந்தது.

"அப்ப இதப் படிச்சுக் காட்டுங்க. வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் கேக்கட்டும். பாதியில விட்றக் கூடாது. கடசி வரைக்கும் கேக்கணும். கடசிதான் முக்கியம். படிக்கிறது யாரு?"

"இவதாங்க. பள்ளிக்கூடத்துல இவதான் மொதல்."

அவர் அடுக்கிலிருந்து ஒரு பாடப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதே புத்தகம்தான். வாத்தியார் தினமும் கூட்டமாகச் சொல்லவைத்து எல்லோருக்கும் மனப்பாடம். கடகடவென்று ஒப்பித்தேன். படிக்கிறேன் என்றுதான் நானும் நினைத்தேன். நன்றாகப் படிக்கிறாள், இந்த வேகத்துக்குச் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் கடைக்காரம்மா. எனக்கு ஒரு பனங்கற்கண்டுக் கட்டி கொடுத்தார். வரும் வழியெல்லாம் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்தேன். புத்தகம் நனையாமல் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருந்தது.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சையும் சொன்னார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, டவுன்காரிக்கு என்ன, சொல்லுவாள் என்றாள். மருத்துவச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பார்த்தாள்.

"இது சாமி கதையா?" என்று அம்மா கேட்டாள்.

"கையில வெளக்கு இருக்குல்ல. பாதியில நிறுத்தக் கூடாதுன்னும் சொல்லி விட்டுருக்கா. அப்ப சாமி கதைதான். காப்புக் கட்டித்தான் கேக்கணும்."

அது எங்கள் பழக்கம். மாசியில் காமன் கூத்துக்குக் காப்புக் கட்டுவோம். பண்டாரம் ராமர் கதை படித்தாலும் கட்டுவோம். மஞ்சள் நூலைக் கையில் கட்டினால், முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை கீழே ஓடுகிற ஆறு. அந்தப் பழக்கத்தை நாவலுக்கும் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகையில் புத்தகத்தை வைத்து, அட்டைப் பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார்கள். மருத்துவச்சி அக்காவின் கையில் நூல் கட்டினாள். வளையல் இருந்த இடத்தில் இன்னும் தடம் இருந்தது. நூல் அதன்மேல் உட்கார்ந்தது.

வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, கைகால் கழுவிவிட்டுப் பெண்கள் வந்து உட்காருவார்கள். அடுப்பு வெளிச்சமும் ஒரு குப்பி விளக்கும். நான் முதல் பக்கத்தைத் திறந்ததும் மிளகாய் நெடி ஏறி அக்கா தும்மினாள். நல்ல சகுனம் என்று ஒருத்தியும் கெட்ட சகுனம் என்று ஒருத்தியும் சொன்னார்கள்.

எழுத்து எறும்பு மாதிரி பொடியாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாகக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. நீளச் சொல் வந்தால் நான் நிற்பேன். எல்லோரும் காத்திருப்பார்கள். முதல் நாள் ஒரு பக்கம் தாண்டவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. பண்டாரமும் இழுத்து இழுத்துத்தான் படிப்பார்.

கதை ஒரு பெண்ணைப் பற்றியது. தஞ்சாவூர்ப் பக்கம். புருஷன் கப்பலேறி ரங்கூன் போகிறான். அவள் மாமியாரோடு இருக்கிறாள். நடுவில் ஒரு கொலை. அதைத் துப்புத் துலக்க ஒரு ஆள் வருகிறான். பாழ் மண்டபத்தில் ஒரு பேய். அடுத்த வீட்டுக் குமரிக்கு ஒரு காதல். எந்த வயதுக்காரருக்கும் அதில் ஏதோ ஒன்று இருந்தது. அதுதான் கெடுதலாகப் போனது.

பேய் வந்த இடத்தைப் பிள்ளைகள் மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். காதலைக் குமரிகள் கேட்டார்கள். தங்களுக்கு இல்லை, தங்கச்சிக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். கொலை வந்ததும் ஆண்களும் வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். முந்தின நாள் வராதவனுக்காக மறுநாள் கொலையைத் திரும்பப் படிக்க வேண்டும். கிழவிகளுக்கு மாமியார். மாமியார் பேசுகிற இடம் எல்லாம் இரண்டு தடவை.

"இந்த மாமியாக்காரி நம்ம கடேசிக் காம்பராக்காரியாட்டமே இருக்கா" என்றாள் ஒருத்தி. கடைசிக் காம்பராக்காரி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

"போடி. நான் அவ்வளவு நல்லவ இல்ல."

அன்றைக்கு அக்கா சிரித்தாள். சத்தமாக இல்லை. எல்லோரும் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். மருத்துவச்சி அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கதை வேலை செய்கிறது என்று அர்த்தம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கதை வேலை செய்தது உண்மைதான். அக்கா அதற்குப் பிறகு பேசத் தொடங்கினாள். அந்தப் பெண் இப்போது எங்கே இருப்பாள் என்று பகலில் என்னிடம் கேட்பாள். மாமியார் சோறு போட்டிருப்பாளா என்பாள். புத்தகத்தை மூடி வைத்திருக்கிற நேரத்தில் அவர்கள் எல்லாம் என்ன செய்வார்கள் என்று ஒருநாள் கேட்டாள்.

ஊதல் மட்டும் இறங்கவில்லை. முகம் பளபளவென்று ஆனது. கண் சின்னதாகிவிட்டது. அடுப்பு வெளிச்சத்தைப் பார்த்தால் தலை பிளக்கிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே கதை கேட்டாள்.

சில வாரம் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். அக்கா புருஷன். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். வந்தவர் அக்காவைப் பார்த்ததும் உட்காரவில்லை. அப்பாவிடம்தான் பேசினார்.

"மாமா, வண்டி கட்டுங்க. பதுளைக்குக் கொண்டு போயிருவோம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மருத்துவச்சியைக் கூப்பிட்டு அனுப்பினாள். காப்பு இருக்கிறது, கதை பாதியில் நிற்கிறது, முடியட்டும், மறுநாளே நானும் கூட வருகிறேன் என்றாள் மருத்துவச்சி. காப்பை அவிழ்த்துவிடுங்கள் என்றார் மச்சான்.

"மொதப் புள்ள வயித்துல இருந்தப்ப காமனுக்கு ஒன் கையில காப்புக் கட்டியிருந்துச்சு. நீ ஆத்தத் தாண்டி அப்புத்தளைக்குப் போன. ஞாவகம் இருக்கா? பொறந்தது மூச்சு விட்டுச்சா? இப்ப இதையும் அவுக்கச் சொல்ற" என்றாள் மருத்துவச்சி.

மச்சான் அதோடு விட்டுவிட்டார். போன இரண்டு வருடமாக அவர் மனசில் அதுதான் இருந்திருக்கும். அக்காவின் கால் பக்கம் போய் உட்கார்ந்து, ஊதின காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் முன்னால். அப்போதெல்லாம் ஒரு ஆண் அப்படிச் செய்யமாட்டான். கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாயங்காலம் நடந்தே திரும்பிப் போனார். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, கூலி இல்லை.

அம்மா கெட்டவள் இல்லை. மருத்துவச்சியும் இல்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அக்கா பிழைக்க வேண்டும் என்று லயம் முழுக்க நினைத்தது. அதற்காகத்தான் உட்கார்ந்து கதை கேட்டார்கள்.

மறுநாள் பகலில் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

புத்தகத்தைக் காட்டினேன். படித்தது ஒரு விரல் கனம். மிச்சம் அதைவிடக் கூட.

"தள்ளிப் படி பாப்பா. இவளுகளுக்கு என்ன தெரியும். முடிச்சிரு. நான் பதுளைக்குப் போறேன்."

அன்று சாயங்காலம் ஒரு கொத்துப் பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன். என் கெட்ட நேரம், ரங்கூனில் இருந்தவன் அடுத்த வரியில் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்தான்.

"அவன் எப்படி வந்தான்?" என்றாள் ஒருத்தி. கப்பல் எங்கே என்று இன்னொருத்தி. கொலைகாரன் பிடிபட்டானா என்று வாசலில் நின்ற ஆண்கள். மருத்துவச்சி எழுந்து வந்து என் கையிலிருந்த பக்கங்களைப் பார்த்தாள். திட்டவில்லை. சின்னப் பிள்ளை, பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றாள். எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, விட்ட இடத்துக்குக் கொண்டுவந்தாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கப்பலிலிருந்து படித்தேன்.

கப்பல் கடலிலேயே கிடந்தது. புயல் வந்தது. புயலை எல்லோருக்கும் பிடித்தது.

ஒருநாள் விடிகாலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரம், அக்காவின் பாய் சத்தம் போட்டது. முதலில் எலி என்று நினைத்தேன். கம்பளியை விலக்கிப் பார்த்தேன். அக்கா வில்லாக வளைந்திருந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பல்லுக்கு நடுவில் நாக்கு. கண் மேலே போயிருந்தது. அம்மா கரண்டிக் காம்பை வாயில் கொடுத்தாள். ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்தேன். அவள் பார்த்தாள். வெற்றிலையை அடக்கிய கன்னம் அசையவில்லை. அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"வண்டியக் கட்டுங்க" என்றாள்.

அரிவாள்மணையை இழுத்து அவளே காப்பை அறுத்தாள். அறுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

அப்பா மாடுகளைப் பூட்டினார். நாலு பேர் அக்காவைக் கம்பளியோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள். அம்மாவும் மருத்துவச்சியும் ஏறினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தப்புச் சத்தம் நிற்கவில்லை. பெரட்டுக்குப் போகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று போனார்கள். நான் காம்பராவுக்குள் போய்ப் பாயைச் சுருட்டினேன். நூல் தரையில் கிடந்தது. எடுத்து அடுப்பில் போட்டேன்.

வண்டி பதுளைக்குப் போகவில்லை. ஆற்றுப் பாலம் வரை போனது. பாலத்துக்கு இந்தப் பக்கமே அக்கா போய்விட்டாள். அப்பா அங்கேயே மாடுகளைத் திருப்பினார். பிள்ளை வெளியே வரவில்லை. பிள்ளையோடுதான் புதைத்தார்கள். தேயிலைக்குள், கடைசி மலையில். இப்போது அங்கே கன்று மாற்றி நட்டுவிட்டார்கள். இடம் தெரியாது.

மச்சான் வந்து மண் போட்டார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

லயத்தில் பேச்சு எழுந்தது. பக்கத்தைத் தள்ளியதால் வந்தது என்று சில பேர். சாமி கதையில் கொலை எதற்கு, அந்த டவுன்காரி வேண்டுமென்றே கெட்ட புத்தகம் கொடுத்துவிட்டாள் என்று சில பேர். புத்தகத்தை எரிக்கச் சொன்னார்கள். மருத்துவச்சிதான் வேண்டாம் என்றாள். பாதியில் விட்ட கதை அடுத்த வீட்டைப் பிடிக்கும், முடித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றாள். நான் படிக்கமாட்டேன் என்றேன். அம்மா என்னைப் பார்த்து, "படி" என்றாள்.

கருமாதி முடிந்த பிறகு படித்தேன். இப்போது யாரும் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. கப்பல் கரை சேர்ந்தது. கொலைகாரன் பிடிபட்டான். பேய் பேயே இல்லை, ஒரு பைத்தியக்காரன். அடுத்த வீட்டுக் குமரிக்குக் கல்யாணம் ஆனது. நாளாக நாளாக எனக்கு எழுத்துப் பழகி வேகம் வந்திருந்தது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். வாசலில் வெயில். மச்சானும் வந்திருந்தார்.

கதைப் பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். முகம் ஊதியிருந்தது. தலைவலி. மாமியார் ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறாள். புருஷன் கேட்கவில்லை. வண்டி கட்டச் சொல்கிறான். மாமியார் வாசலில் குறுக்கே படுக்கிறாள். மாமியாரைத் தாண்டிக்கொண்டு பெண்டாட்டியைத் தூக்கிப் போகிறான். ஆஸ்பத்திரியில் யாரும் வயிற்றைக் கீறவில்லை. வெள்ளைக்கார டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை அழுகிறது. மாமியார் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்கிறாள்.

அங்கே மட்டும் வேகம் போய், நான் மறுபடி கூட்டிக் கூட்டிப் படித்ததால் ஒவ்வொரு சொல்லும் தனியாக விழுந்தது. மருத்துவச்சி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் எழுந்து வெளியே போனார்.

"அந்த எடத்த இன்னொருக்காப் படி" என்றாள் அம்மா.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. வண்டி கட்டச் சொன்ன இடத்திலிருந்து படித்தேன். முடித்ததும் இன்னொருக்கா என்றாள். படித்தேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நானும் அம்மாவும் இருந்தோம். அவள் போதும் என்று சொல்லும் வரை படித்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அப்பாவோடு போனேன். அப்பா கடைக்குள் வரவில்லை. வண்டிப் பக்கம் நின்றுகொண்டார். கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அட்டையில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"கடசி வரைக்கும் படிச்சியா?"

"படிச்சேன்."

"அவ கேட்டாளா?"

"இல்லிங்க. கப்பல் வரைக்கும்தான் கேட்டா."

காப்புக் கட்டியதைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்ததையும் சொன்னேன். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். அரிசிப் பக்கம் முதலாளி யாரிடமோ சத்தமாக விலை பேசிக்கொண்டிருந்தார்.

"கேட்டுட்டுப் பயம் தெளிஞ்சு வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். "முடிவ அப்பவே வாயால சொல்லியிருக்கணும்."

எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. அந்தப் புத்தகத்தை அவர் அடுக்கில் வைக்கவில்லை. பிறகு நான் அதை எங்கும் பார்க்கவில்லை. பெயரும் மறந்துபோனது.

அதற்குப் பிறகு அப்பாவோடு பல நடை பதுளைக்குப் போயிருக்கிறேன். கடைக்காரம்மா அதே மூலையில்தான் இருந்தார். முன்போலவே ஆளைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், எடுத்துக் கொடுப்பார். கொடுக்கும்போது முடிவைச் சொல்லிவிடுவார். திருடன் இவன்தான். இவள் செத்துப்போவாள். இவர்களுக்குக் கல்யாணம் நடக்காது. சின்னப் பிள்ளைகளுக்கும் சொன்னார், கிழவர்களுக்கும் சொன்னார். கோர்ட்டு சேவகர் கோபித்துக்கொண்டு வருவதை விட்டுவிட்டார். பிறகு பலரும் விட்டுவிட்டார்கள். வியாபாரம் கெடுகிறது என்று முதலாளி சத்தம் போட்டதை நானே கேட்டேன். கடைக்காரம்மா பசையைக் குழைத்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவளுக்கும் முடிவைச் சொல்லித்தான் கொடுத்தார்.